பிரஸ் தண்டுக்கு இடது திரெட்: எம்04 மட்டும் மாற்றினால் போதாது

தெலுக் இந்தானில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கும் தம்பி கேட்டிருக்கிறார். பக்கத்து செம்பனை மில்லிலிருந்து பிரஸ் தண்டு ஒன்று வந்திருக்கிறது. பழசு தேய்ந்துவிட்டது, அதே மாதிரி புதுசு வேண்டும். முனையில் எம்36×3 இடது திரெட் (விட்டம் 36 மில்லி, பிட்ச், அதாவது மரைக்கு மரை தூரம், 3 மில்லி), நீளம் 40 மில்லிமீட்டர். திரெட் முடிகிற இடத்தில் 5 மில்லி அகலத்துக்கு ஒரு காடி, காடியை ஒட்டினாற்போல் 50 விட்டத்தில் ஷோல்டர். மெஷின் ஸ்லான்ட் பெட், டூல்களைப் பிடிக்கும் டரட் பின்பக்கம், கன்ட்ரோல் ஃபனுக். இருப்பது வலக்கை திரெட் ஹோல்டர், அதில் மாட்டும் வெட்டுத் துண்டான இன்சர்ட்டின் முகம் கீழே பார்க்கிறது. திரெட் வெட்டும் கட்டளையான ஜி76-இல் எஃப் மதிப்புக்கு மைனஸ் போட்டார், கன்ட்ரோல் ஏற்கவில்லை. ஸ்பிண்டிலை வழக்கமான பக்கம் சுற்றும் எம்03-ஐ, எதிர்ப்பக்கம் சுற்றும் எம்04 ஆக்கினார், முதல் கட்டிலேயே இன்சர்ட் போய்விட்டது. புரோகிராமில் வேறு எதை மாற்ற வேண்டும் என்பது அவர் கேள்வி.

தம்பி, புரோகிராமில் மாற்ற வேண்டியது கொஞ்சம்தான். டரட்டில் மாற்ற வேண்டியதுதான் அதிகம்.

திரெட் இடதா வலதா என்பதை இரண்டே விஷயங்கள் முடிவு செய்கின்றன: ஸ்பிண்டில் எந்தப் பக்கம் சுற்றுகிறது, டூல் இசட் அச்சில், அதாவது தண்டின் நீளவாக்கில், எந்தப் பக்கம் போகிறது. எம்03-இல் சுற்றும்போது, தண்டைப் பிடித்திருக்கும் சக் பக்கமாக டூல் போனால் வலது திரெட். அதே எம்03-இல் டூல் சக்கிலிருந்து விலகி வந்தால் இடது திரெட். எம்04-இல் சக்கை நோக்கிப் போனாலும் இடது திரெட்தான். இரண்டையும் சேர்த்து மாற்றினால் மறுபடி வலதுக்கே வந்து நிற்பீர்கள். டரட் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா, இன்சர்ட் மேலே பார்க்கிறதா கீழே பார்க்கிறதா என்பவை திரெட்டின் கையை மாற்றவே மாற்றாது. எஃப் என்பது ஒரு சுற்றுக்கு டூல் நகரும் தூரம், அவ்வளவுதான். அதற்குத் திசை கிடையாது.

உங்கள் இன்சர்ட் ஏன் உடைந்தது? டூலுக்கு நேராக நின்று பாருங்கள். எம்03-இல் வேலைத்துண்டின் பின்பக்கப் பரப்பு கீழிருந்து மேலே ஏறும். அதனால்தான் பின் டரட்டில் இன்சர்ட் முகம் கீழே பார்க்கிறது, ஏறி வரும் இரும்பை அது எதிர்கொள்கிறது. எம்04 போட்டதும் அந்தப் பரப்பு மேலிருந்து கீழே இறங்க ஆரம்பித்தது. இரும்பு வெட்டும் முனையைச் சந்திக்காமல் இன்சர்ட்டின் முதுகில் வந்து மோதியது. வெட்டவே இல்லை, நசுக்கியது. எந்தக் கம்பெனி இன்சர்ட்டாக இருந்தாலும் அதைத் தாங்காது.

ஆக உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, இருக்கிற வலக்கை ஹோல்டரையும் எம்03-ஐயும் அப்படியே வைத்துக்கொண்டு காடியில் தொடங்கி வெளியே இழுப்பது. இன்னொன்று, இடக்கை ஹோல்டர் வாங்கி, இன்சர்ட் முகம் மேலே பார்க்கும்படி பிடித்து, எம்04-இல் சக்கை நோக்கி வெட்டுவது. இந்தத் தண்டுக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். காரணம் அந்த 5 மில்லி காடி.

டூல் நின்ற இடத்திலிருந்து கிளம்பியதும் சரியான பிட்சைப் பிடித்துவிடாது. சர்வோ வேகம் எடுக்கக் கொஞ்சம் தூரம் வேண்டும், அந்தத் தூரத்தில் வெட்டப்படும் பிட்ச் தப்பாக இருக்கும். ஃபனுக் கையேட்டில் இதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: ஆர்பிஎம்மைப் பிட்சால் பெருக்கி 1800-ஆல் வகுத்தால் முடிவில் விட வேண்டிய தூரம் கிடைக்கும். அதை 3.605-ஆல் பெருக்கினால் தொடக்கத்தில் விட வேண்டிய தூரம், அதாவது பிட்ச் தவறு நூற்றில் ஒரு பங்காகக் குறைவதற்கு ஆகும் தூரம். 600 ஆர்பிஎம், 3 பிட்ச் என்றால் முடிவில் 1 மில்லி, தொடக்கத்தில் 3.6 மில்லி. வேகமாக ஓட்டினால் இந்தத் தூரமும் கூடும். 1000 ஆர்பிஎம்மில் தொடக்கத்துக்கு மட்டும் 6 மில்லி வேண்டும்.

இப்போது உங்கள் காடியைப் பாருங்கள். இசட் மைனஸ் 40-இலிருந்து மைனஸ் 45 வரை. இன்சர்ட் முனையின் நடுவிலிருந்து அதன் ஓரத்துக்குச் சுமார் ஒன்றரை மில்லி இருக்கும். ஷோல்டரில் முட்டாமல் இருக்க இன்னும் அரை மில்லி விட வேண்டும். அப்படியானால் முனையை மைனஸ் 43-க்குப் பின்னால் கொண்டுபோக முடியாது. கையில் இருப்பது 3 மில்லி ஓட்டம். அதிலும் இன்சர்ட்டின் சாய்ந்த பக்கம் முனைக்கு முன்பே திரெட் ஓரத்தைத் தொட்டுவிடும் என்பதால் நிஜத்தில் இன்னும் குறைவு. 600-இல் இழுத்தால் ஷோல்டர் பக்கத்து முதல் மரையில் பிட்ச் தவறிவிடும். நட்டு கடைசி ஒரு சுற்றுக்கு இறுகி நிற்கும், மில்லில் ஃபிட்டர் ஸ்பேனருக்குக் குழாய் மாட்டி அழுத்துவார். 300-க்கு இறக்கினால் 1.8 மில்லி போதும். ஆனால் அங்கே வெட்டும் வேகம் நிமிடத்துக்கு 34 மீட்டர். கார்பைடுக்கு அது குறைச்சல், முனையில் இரும்பு ஒட்டிக்கொண்டு மரை கிழிந்தாற்போல் வரும். 600-இல் 68 மீட்டர், அது பரவாயில்லை.

டிராயிங்கில் காடியை 10 மில்லிக்கு அகலப்படுத்தினால் இழுக்கலாமே என்று தோன்றும். மில் என்ஜினியர் சம்மதிக்காமல் அதைச் செய்யாதீர்கள். பிரஸ் தண்டு முறுக்கத்தில் வேலை செய்வது, காடிதான் அதன் மெலிந்த இடம். பழைய தண்டில் இருந்த அகலத்துக்கும் மூலையில் இருந்த வளைவுக்கும் காரணம் இருக்கிறது.

சக்கை நோக்கி வெட்டினால் இந்தச் சிக்கல் தலைகீழாகிவிடும். ஓட்டம் எடுக்க வேண்டிய தூரம் வெளியே காற்றில் இருக்கிறது, வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்ளலாம். காடியில் முடிய 1 மில்லி போதும்.

இனி ஹோல்டர். பின் டரட்டில் எம்04-க்கு இன்சர்ட் முகம் மேலே பார்க்க வேண்டும். உங்கள் வலக்கை ஹோல்டரை அப்படியே புரட்டி வைத்தால் அதன் வெட்டும் பக்கம் டெயில்ஸ்டாக்கைப் பார்த்துவிடும், ஷோல்டர் ஓரத்துக்குப் போகாது. இடக்கை ஹோல்டர்தான் வேண்டும். கடையில் கேட்கும்போது இன்சர்ட்டை 16 ஈஎல் 3.0 ஐஎஸ்ஓ என்று கேளுங்கள். ஈ வெளித் திரெட்டுக்கு, ஐ உள்திரெட்டுக்கு, எல் இடக்கைக்கு, ஆர் வலக்கைக்கு. உங்களிடம் இருப்பது 16 ஈஆர். ஈஆர் இன்சர்ட் ஈஎல் ஹோல்டரில் சரியாக உட்காராது. இன்சர்ட்டுக்கு அடியில் வைக்கும் தகடான ஷிம்மும் வேறு: ஈஆருக்கும் ஐஎல்லுக்கும் ஒரு ஷிம், ஈஎல்லுக்கும் ஐஆருக்கும் இன்னொன்று. ஹோல்டரோடு வரும் ஷிம்மைத் தொலைத்துவிட்டுப் பழைய டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டால் கோணம் கெடும்.

அடுத்து சென்டர் உயரம். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லித் தருவதில்லை, இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். முகம் கீழே பார்க்கும் ஹோல்டர் டரட் பிளாக்கின் ஒரு சுவரில் முதுகை வைத்து உட்காரும். முகம் மேலே பார்க்கும் ஹோல்டர் எதிர்ச் சுவரில் உட்கார வேண்டும். சில பிளாக்குகள் இரண்டு பக்கமும் பிடிப்பவை, சில ஒரு பக்கத்துக்கு மட்டுமே. மாட்டிய பிறகு, திரெட் டூலைத் தொடுவதற்கு முன், அதே பிளாக்கில் அதே உயர ஷாங்க்குள்ள இடக்கை ஃபேஸிங் டூலை வைத்து ஸ்கிராப் துண்டின் முகத்தை எம்04-இல் நடு வரை வெட்டிப் பாருங்கள். நடுவில் முளை நின்றால் உயரம் சரியில்லை. உயரத்தைச் சரி செய்யாமல் திரெட் போட்டால் மரையின் கோணம் தவறும், இன்சர்ட்டும் சீக்கிரம் போகும்.

எம்04-இல் ஓட்டினால் சக் கழன்றுவிடும் என்று பட்டறையில் பெரியவர்கள் பயமுறுத்தலாம். பழைய மேனுவல் லேத்தில் சக்கைத் திரெட்டில்தான் மாட்டியிருப்பார்கள், அதற்கு அந்தப் பயம் நியாயமானது. உங்கள் மெஷினில் சக் போல்ட் போட்டு இறுக்கப்பட்டது, கழலாது. இன்னும் ஒன்று, பின் டரட்டில் முகம் மேலே வைத்து எம்04-இல் வெட்டும்போது வெட்டு விசை டரட்டைக் கீழே, பெட்டின்மேல் அழுத்தும். எம்03-இல் அதே விசை டரட்டை மேலே தூக்கப் பார்க்கும். கனமான வேலைக்கு எம்04-ஐ விரும்பி ஓட்டும் பட்டறைகள் உண்டு. அதிர்வு குறையும்.

புரோகிராம் இவ்வளவுதான். தண்டின் முகம் இசட் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜி97 எஸ்600 எம்04
ஜி00 எக்ஸ்42.0 இசட்6.0
ஜி76 பி020060 க்யூ100 ஆர்0.05
ஜி76 எக்ஸ்32.32 இசட்-42.5 பி1840 க்யூ500 எஃப்3.0

எக்ஸ் 32.32 என்பது மரையின் அடி விட்டம்: 36-இலிருந்து பிட்சின் 1.22687 மடங்கைக் கழித்தது. பி1840 மரையின் ஆழம், மைக்ரான் கணக்கில், ஆரத்தில்: பிட்சின் 0.6134 மடங்கு. க்யூ500 முதல் கட், அரை மில்லி. கன்ட்ரோல் அடுத்தடுத்த கட்டைத் தானே குறைத்துக்கொண்டு போகும். குறைந்தது 100 மைக்ரான் என்று முதல் வரியில் சொல்லிவிட்டோம். இந்தக் கணக்கில் பன்னிரண்டு கட் அளவில் வரும், அதன் பிறகு இரண்டு ஃபினிஷ். முதல் வரி பி-யின் நடு இரண்டு இலக்கம் பூஜ்யம், ஏனென்றால் காடி இருக்கிறது, டூல் சாய்வாக வெளியேறத் தேவையில்லை. காடியின் விட்டம் 32.3-க்குக் கீழே இருக்கிறதா என்று மட்டும் பழைய தண்டில் அளந்துகொள்ளுங்கள்.

வலது திரெட் புரோகிராமுக்கும் இதற்கும் வேறுபாடு எம்04 ஒன்றுதான். ஜி92-இல் எழுதினாலும் அப்படியே. ஹாஸ் மெஷினில் ஜி76 ஒரே வரியில் வரும், ஆனால் திசை விதி மாறாது.

ஆர்பிஎம்மை மாறாமல் வைக்கும் ஜி97 அவசியம். வெட்டும் வேகத்தை மாறாமல் வைக்கும் ஜி96-ஐ விட்டுவைத்தால் விட்டம் குறையக் குறைய ஆர்பிஎம் ஏறும், ஒவ்வொரு கட்டும் வெவ்வேறு இடத்தில் தொடங்கும். அதே காரணத்தால்தான் பாதி வேலையில் எஸ்600-ஐ எஸ்400 ஆக்கக்கூடாது. மரை முடிந்த பிறகு நட்டு இறுக்கமாக இருக்கிறது, இன்னொரு கட் விடலாம் என்றால் அதே எஸ், அதே இசட் 6.0, எக்ஸ் ஆஃப்செட் மட்டும் மாறலாம். தண்டைச் சக்கிலிருந்து கழற்றிவிட்டால் அந்த வழியும் போயிற்று, ஆகவே நட்டைப் போட்டுப் பார்க்காமல் கழற்றாதீர்கள்.

எம்04-க்குப் பிறகு அதே புரோகிராமில் சென்டர் டிரில், டிரில் ஏதாவது இருந்தால் எம்05 கொடுத்து நிறுத்தி, எம்03-க்குத் திரும்பியதை வரி வரியாகப் பாருங்கள். எம்04-இல் சாதாரண டிரில் நுழைந்தால் வெட்டாமல் தேய்த்துச் சிவந்துபோகும். இடது திரெட்டை முடிந்தால் கடைசி ஆப்பரேஷனாக வைத்துக்கொள்வது நிம்மதி.

இழுக்கும் முறையை ஒதுக்கச் சொல்லவில்லை. காடி அகலமாக இருக்கும் வேலையில், இடக்கை ஹோல்டர் கைக்கு வர ஒரு வாரம் ஆகும் என்றால், இழுக்கத்தான் வேண்டும். எம்03, தொடக்கப் புள்ளி காடிக்குள், ஜி76-இன் இசட் முடிவு வெளியே, இசட் 4.0 மாதிரி. டூலை முதலில் ஷோல்டருக்கு மேலே எக்ஸ் 60-இல் நிறுத்தி, இசட்டைக் காடிக்கு நேரே கொண்டுவந்து, அதன் பிறகே எக்ஸ் 42-க்கு இறக்க வேண்டும். நேரே மூலைவாட்டில் ராபிட்டில் (வேக நகர்வில்) போனால் ஷோல்டரில் மோதும். சிங்கிள் பிளாக்கில், அதாவது வரிக்கு வரி நிறுத்தி ஓட்டி, ஹோல்டரின் பக்கவாட்டுக்கும் ஷோல்டருக்கும் இடைவெளி இருப்பதைக் கண்ணால் பாருங்கள்.

இழுக்கும்போது ஷிம்மையும் மாற்ற வேண்டும், இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். மரை தண்டைச் சுற்றி ஒரு சாய்வில் ஏறுகிறது. எம்36×3-க்கு அந்தச் சாய்வு 1.6 டிகிரி. ஹோல்டரில் வழக்கமாக வரும் ஷிம் இன்சர்ட்டை 1.5 டிகிரி சாய்த்துப் பிடிக்கும், வலது திரெட்டுக்கு அது அளவெடுத்தாற்போல் பொருந்தும். வலக்கை ஹோல்டரில் இடது திரெட்டை இழுக்கும்போது சாய்வு எதிர்ப்பக்கம், மைனஸ் 1.6 வேண்டும். பழைய ஷிம்மோடு விட்டால் 3.1 டிகிரி தவறு. 60 டிகிரி இன்சர்ட்டில் பக்கவாட்டு இடைவெளி 5.8 டிகிரி அளவில் இருப்பதால் எப்படியோ ஓடிவிடும், ஒரு பக்கச் சுவர் மட்டும் மங்கலாக வரும், இன்சர்ட்டின் அந்த ஓரம் முதலில் தேயும். மைனஸ் 1.5 டிகிரி ஷிம் போட்டால் சரியாகிவிடும், விலையும் அதிகமில்லை.

சரிவக வடிவப் பல் கொண்ட டிரப்பீசாய்டு திரெட்டில் இந்தத் தாராளம் கிடையாது. கடலோர எஸ்டேட்டுகளில் வாட்டர் கேட் தூக்கும் ஸ்குரூ, பெரிய வால்வுத் தண்டு மாதிரி வேலை உங்கள் பட்டறைக்கு ஒருநாள் வரும். டிஆர்36×6 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் சாய்வு 3.3 டிகிரி. 30 டிகிரி இன்சர்ட்டின் பக்கவாட்டு இடைவெளியோ 2.7 டிகிரிதான். சாதாரண ஷிம்மோடு இடது திரெட்டை இழுத்தால் தவறு 4.8 டிகிரி, இடைவெளி முழுவதையும் தின்றுவிட்டு இன்சர்ட்டின் உடம்பே சுவரில் உரசும். புரோகிராமில் எவ்வளவு திருத்தினாலும் தீராது. அந்த வேலையில் ஷிம்மைக் கணக்கிட்டு வாங்கிய பிறகே மெஷினைத் தொடுங்கள்.

நட்டும் நீங்களே செய்வதாக இருந்தால் உள்துளை 32.75, ஆழம் பிட்சின் 0.5413 மடங்கு, அதாவது பி1624. உள்திரெட்டுக்கு நான் இழுக்கும் பக்கம்தான் சாய்வேன், குறிப்பாக ஒரு பக்கம் மூடிய துளையில். எம்03-இல் துளையின் அடியில் உள்ள காடியிலிருந்து வெளியே வந்தால் சுருள் டூலுக்கு முன்னால் வெளியே தள்ளப்படும், அடியில் முட்டும் பயமும் இல்லை. நட்டில் துளை மறுபக்கம் திறந்தே இருப்பதால், பின்னால் சக் தாடைகளுக்கு நடுவே டூல் தொடங்க இடம் இருந்தால் போதும். உள்திரெட் டூலின் பார் உள்ளே நகரும்போது எதிர்ச் சுவரில் உரசாமல் இருக்க எக்ஸ் தொடக்கத்தைத் துளை விட்டத்துக்கு ஒட்டினாற்போல் வையுங்கள்.

நல்ல இரும்பில் கை வைப்பதற்கு முன் எக்ஸ் ஆஃப்செட்டில் 5 மில்லி கூட்டி ஒருமுறை காற்றில் ஓட்டுங்கள். பிறகு ஸ்கிராப் துண்டில் கீறல் அளவுக்கு ஒரே ஒரு கட். துண்டைச் செங்குத்தாகப் பிடித்து முன்னால் தெரியும் கோடுகளைப் பாருங்கள். இடது பக்கம் ஏறினால் இடது திரெட், வலது பக்கம் ஏறினால் வலது. பிட்ச் கேஜும் மூன்று கம்பி அளவும் கையைக் காட்டிக்கொடுக்காது, இரண்டு திரெட்டிலும் ஒரே அளவுதான் காட்டும். கண்ணால் பார்ப்பது அல்லது பழைய நட்டைச் சுற்றிப் பார்ப்பது, இந்த இரண்டுதான் நம்பிக்கையான சோதனை.

மில்லிடம் இன்னொரு கேள்வியும் கேட்டுவிடுங்கள். இரட்டை ஸ்குரூ பிரஸ்ஸில் இரண்டு தண்டும் எதிரெதிராகச் சுற்றுகின்றன, ஒன்றில் ஸ்குரூ இடது, மற்றதில் வலது. முனை நட்டின் கையும் சுற்றும் திசையைப் பொறுத்துத்தான் தேர்ந்தெடுக்கப்படுகிறது. நட்டுப் பக்கம் நின்று பார்க்கும்போது தண்டு கடிகார முள் போகும் பக்கம் சுற்றினால், இழுவையில் இறுகிக்கொண்டே இருக்க இடது திரெட் வேண்டும். பெஞ்ச் கிரைண்டரின் இடது சக்கரத்து நட்டு இடது திரெட்டாக இருப்பதும் இதே காரணத்தால்தான். மாற்றிப் போட்டால் ஓட்டத்தில் நட்டு தளரும், பிரஸ் நிற்கும். அறுவடை உச்சத்தில் குலைகள் ரேம்ப்பில் காத்துக் கிடந்தால் பழத்தில் கொழுப்பு அமிலம் ஏறிக்கொண்டே போகும், எண்ணெயின் தரம் இறங்கும். ஆகவே சாம்பிளாக வந்த தண்டு எந்தப் பக்கத்தது, எந்தத் திசையில் சுற்றுகிறது என்று எழுதி வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

அனுப்பும்போது நட்டின் ஆறு மூலைகளிலும் சின்ன வெட்டு ஒன்று போட்டுவிடுங்கள். அசிட்டிலின் ரெகுலேட்டர் நட்டில் பார்த்திருப்பீர்கள், அங்கே அந்த வெட்டு இடது திரெட் என்பதற்கான அடையாளம். மில் ஃபிட்டர்கள் அதைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்வார்கள், தப்பான பக்கம் ஸ்பேனரைப் போட்டு மரையைக் கெடுக்க மாட்டார்கள். தண்டின் முகத்திலும் எழுத்துப் பஞ்ச்சால் எல்எச் (லெஃப்ட் ஹேண்ட்) என்று அடித்து, மரையின்மேல் கிரீஸ் தடவித் துணி சுற்றிக் கொடுங்கள்.